அன்றாடப் படங்களுக்குக் கலர் நெகட்டிவ் பிலிம்: ஒரு முழுமையான வழிகாட்டி

கலர் பிலிம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் கேள்வி, "எந்த பிலிம் நல்லது?" என்பதுதான். கோடக் கோல்டு 200 போதும் என்பார் ஒருவர். போர்ட்ரா 400 தவிர வேறெதையும் கேமராவில் போடமாட்டேன் என்பார் இன்னொருவர். மூன்றாமவர், 2021-இல் கைவிடப்பட்ட ஃபூஜி புரோ 400ஹெச்சை நினைத்துப் பெருமூச்சு விடுவார். மூவரின் படங்களையும் நிதானமாகப் பார்த்தால், அவர்கள் புகழும் குணங்களில் பெரும்பகுதி பிலிமிலிருந்து வந்ததல்ல என்பது புரியும். ஒருவர் வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடுத்திருப்பார். இன்னொருவருக்கு, பிலிமைக் கழுவி ஸ்கேன் செய்து தரும் நல்ல லேப் வாய்த்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பிலிம் பெயர்களுக்குச் சிறிய இடமும், எக்ஸ்போஷருக்கும் (பிலிமில் விழவிடும் வெளிச்சத்தின் அளவு) லேபுக்கும் பெரிய இடமும் கொடுத்திருக்கிறேன். 35 மி.மீ. கேமராவை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். அதைவிட அகலமான 120 ரோலுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

பிலிமுக்குள் நடப்பது என்ன?

இதைத் தாண்டிக் குதித்துவிட வேண்டாம். பின்னால் வரும் யோசனைகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கலர் நெகட்டிவ் பிலிமில் மூன்று உணர்படலங்கள் அடுக்கடுக்காகப் பூசப்பட்டிருக்கின்றன. மேலே நீலத்தை உணர்வது, நடுவே பச்சையை உணர்வது, அடியில் சிவப்பை உணர்வது. ஒவ்வொன்றுக்குள்ளும் வேகமான துணைப்படலமும் மெதுவான துணைப்படலமும் உண்டு. வேகமானதில் பெரிய வெள்ளி உப்புத் துகள்கள். மெதுவானதில் நுண்ணிய துகள்கள். வெளிச்சம் குறைவாக விழுந்தால் பெரிய துகள்கள் மட்டுமே வேலை செய்யும். படம் மணல் தூவியதுபோல் தெரியும். போதுமான வெளிச்சம் விழுந்தால் நுண்ணிய துகள்களும் சேர்ந்து இடைவெளிகளை நிரப்பிவிடும். கருப்பு வெள்ளையில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். அங்கே வெளிச்சம் கூடினால் மணல்தன்மை கூடும். இங்கே ஓர் எல்லை வரை குறையும்.

கழுவும்போது வெள்ளி முழுவதும் நீக்கப்பட்டுவிடுகிறது. எஞ்சுவது சாயம் மட்டும். அந்தச் சாயங்களில் சயானும் மெஜந்தாவும், உறிஞ்ச வேண்டாத ஒளியையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் நெகட்டிவில் நாம் பார்க்கும் ஆரஞ்சு நிற முகமூடி. ஆரஞ்சு அடித்தளத்தின்மேல் தலைகீழாக இருக்கும் நிறங்களை யாராவது, அல்லது ஏதாவது ஓர் இயந்திரம், நேராக்கியாக வேண்டும். எது வெள்ளை, எது சாம்பல் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். "இந்த பிலிமின் அசல் நிறம் இதுதான்" என்று ஒருவர் ஸ்கேனைக் காட்டிச் சத்தியம் செய்தால் நான் பணிவாகச் சிரித்துக்கொள்வேன்.

படி 1: முதலில் வேகம், பிறகு பெயர்

பிலிமின் வேகத்தை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனை, ஐஎஸ்ஓ எண் சொல்கிறது. அந்த எண் இரட்டிப்பானால் வேகம் ஒரு ஸ்டாப் கூடுகிறது. ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. 100 வேக பிலிம் வெயிலுக்கு. 200 வெளிப்புறப் பகல் படங்களுக்குத் தாராளம். 400 வெயிலிலும் ஓடும், நிழலிலும் ஓடும், ஜன்னல் வெளிச்சம் உள்ள அறைக்குள்ளும் சமாளிக்கும். 800 மாலைக்கும் அறைக்கும்.

கணக்காகச் சொன்னால், 400 பிலிமுடன் வெளிப்புற நிழலில் எஃப் 8-இல் (லென்ஸ் துளையின் அளவு; எண் சிறியதானால் துளை பெரிது) விநாடியில் 250-இல் ஒரு பங்கு என்று எடுக்கலாம். நல்ல ஜன்னல் வெளிச்சம் உள்ள அறையில் எஃப் 2.8, 60-இல் ஒரு பங்கு. இரவில் விளக்கு மட்டும் எரியும் அறையில் எஃப் 2, 30-இல் ஒரு பங்கு. அங்கே கை நடுக்கம் தெரியத் தொடங்கிவிடும். ஒரே நாளில் வீதி, வீடு, மரநிழல் என்று சுற்றுபவருக்கு 400-தான் சரியான தொடக்கம். மங்கலான லென்ஸ் உள்ள சிறிய ஆட்டோமேட்டிக் கேமராவென்றால் இது யோசனை அல்ல, கட்டாயம்.

பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக. கோடக் கோல்டு 200-இல் மஞ்சள் கலந்த இதம் உண்டு. வெயிலில் அழகு, அறைக்குள் திணறல். கலர்பிளஸ் 200 அதைவிட எளிமையானது. அல்ட்ராமேக்ஸ் 400 அழுத்தமான நிறங்களையும் சற்றே கடினமான முரணையும் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு) தரும். அன்றாடப் படத்துக்கு அது குறையே இல்லை. 1998-இல் அறிமுகமான போர்ட்ரா வரிசை மென்மையான முரணுக்கும் தோல் நிறத்துக்கும் பேர்போனது. தவறாக அளந்தாலும் மன்னிக்கும் குணம் இதில் அதிகம், விலையும் அதற்கேற்றபடி. 2008-இல் வந்த எக்டார் 100 மிக நுண்ணிய துகள் கொண்டது, நிறங்கள் கொப்பளிக்கும். ஆனால் நிழலில் நீலம் ஏறும், முகங்கள் சிவந்துபோகும். ஆட்களை எடுப்பவர் யோசித்துப் போட வேண்டிய பிலிம். சினிஸ்டில் 800டி என்பது சினிமா பிலிமின் பின்புறத்தில் ஒளி தெறித்துத் திரும்பாமல் தடுக்கும் கரும்பூச்சை நீக்கி வருவது. அதனால்தான் விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு ஒளிவட்டம் தெரிகிறது. 2023 இறுதியில் வந்த ஹார்மன் ஃபீனிக்ஸ் 200-இல் வழக்கமான ஆரஞ்சு முகமூடியே இல்லை. முரண் கடுமை, பிழை பொறுக்காது. விளையாடிப் பார்க்க நல்லது; முதல் ரோலுக்கு வேண்டாம்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் அதே பிலிமில் ஐந்தாறு ரோல் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு ரோலுக்கும் பிலிமை மாற்றுபவருக்கு எந்தப் பிலிமும் பழகுவதில்லை.

படி 2: கேமராவைச் சோதித்தல்

பழைய கேமராவென்றால் பின்கதவைத் திறந்து, ஓரங்களில் ஒட்டியிருக்கும் கருப்புப் பஞ்சை விரல் நகத்தால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ பொடியாக உதிர்ந்தாலோ அது வெளிச்சத்தைத் தடுக்காது. படங்களில் ஆரஞ்சுக் கீற்றுகள் விழும். பஞ்சை மாற்றுவது எளிய வேலைதான். ஷட்டரை 1 விநாடி முதல் அதிகபட்ச வேகம் வரை ஒவ்வொன்றாக இயக்கிக் காதால் கேளுங்கள். மெதுவான வேகங்கள் இழுத்துக்கொண்டு நின்றால் உள்ளே எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கிறது என்று பொருள்.

வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கான பேட்டரியில் ஒரு கண்ணி உண்டு. 1960, 70-களின் பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டவை. அந்த இடத்தில் 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரி போட்டால் மீட்டர் வேலை செய்வதுபோலத் தெரிந்தாலும் பொய் சொல்லும். கைப்பேசியில் உள்ள மீட்டர் செயலியுடன் ஒப்பிட்டால் எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்பது தெரிந்துவிடும்.

படி 3: பிலிமைப் போடுதல்

வெயிலில் நின்று போடாதீர்கள். உங்கள் உடலின் நிழலாவது விழட்டும். பிலிமின் நாக்கை எடுப்புருளையின் பிளவில் செருகி, ஒருமுறை லீவரை இழுத்து, மேலும் கீழும் உள்ள துளைகள் பல்சக்கரத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கதவை மூடுங்கள். மூடியதும், திருப்பிச் சுற்றும் குமிழை மெதுவாகத் திருகி உள்ளே தொய்வை எடுத்துவிடுங்கள். இனி லீவரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குமிழ் எதிர்ப்பக்கமாகச் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் எண்காட்டி 10 என்று காட்டினாலும் 20 என்று காட்டினாலும் பிலிம் நகரவில்லை. முழு ரோலும் வெறுமையாகத் திரும்பிவரும் கதைகளில் முக்கால்வாசி இந்த ஒரு குமிழைப் பார்க்காததால் நேர்ந்தவை.

படி 4: வெளிச்சம் கொடுத்தல்

கலர் நெகட்டிவில் ஒரே ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதுதான்: நிழலைப் பார்த்து அளங்கள். கழுவியதும் நேர்ப்படமாகவே வரும் ஸ்லைடு பிலிமிலும் டிஜிட்டலிலும் வெளிச்சம் மிகுந்த பகுதி வெளுத்துவிடக் கூடாது என்று பயந்து பழகியவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இங்கே வெளுத்த பகுதியில் இரண்டு, மூன்று ஸ்டாப் கூடினாலும் நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும். குறைவதை அப்படித் தாங்காது. ஒரு ஸ்டாப் குறைந்தாலே நிழலில் கருமை சாம்பலாகும். இரண்டு குறைந்தால் சேறு.

ஓர் உதாரணம். ஜன்னலோரம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னம் நிழல், பின்னால் பளீரென்ற திரை. இருந்த இடத்திலிருந்தே கேமராவை நீட்டினால் மீட்டர் திரையைப் பார்த்து எஃப் 2.8, 250-இல் ஒரு பங்கு என்கிறது. அதை நம்பி எடுத்தால் திரை அழகாக வரும், முகம் கருத்துப்போகும். இரண்டடி முன்னால் போய், நிழல் கன்னம் மட்டும் சட்டத்தை நிறைக்கும்படி அளந்து பாருங்கள். 30-இல் ஒரு பங்கு என்று காட்டும். அதையே வைத்து, பின்வாங்கி வந்து எடுங்கள். திரைக்கு மூன்று ஸ்டாப் அதிகம் போயிருக்கிறது. ஆனாலும் நெகட்டிவில் திரையின் மடிப்புகள் அடர்த்தியாகப் பதிந்திருக்கும். நல்ல ஸ்கேனில் அவை திரும்பிவரும். 250-இல் எடுத்த முகத்தை எந்த ஸ்கேனரும் மீட்டுத் தராது.

எல்லா நேரமும் இப்படி நடந்துபோய் அளக்க முடியாது. அதற்குத்தான் பலரும் கையாளும் குறுக்குவழி: 400 பிலிமைப் போட்டுவிட்டு மீட்டரில் 200 என்று வைத்துக்கொள்வது. எல்லாப் படத்துக்கும் ஒரு ஸ்டாப் தாராளம் தானாகக் கிடைத்துவிடும். கவனம், லேபில் கொடுக்கும்போது "200-ஆகக் கழுவுங்கள்" என்று சொல்லிவிடக் கூடாது. வழக்கம்போலவே கழுவ வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, கூடுதலாகக் கொடுத்த வெளிச்சத்தின் பயனை லேபில் பறிகொடுப்பவர்கள் உண்டு.

மூன்று ஸ்டாப்புக்கு மேல் அள்ளிக் கொட்டுவதிலும் பயனில்லை. நெகட்டிவ் மிக அடர்த்தியாகிவிட்டால் ஸ்கேனர் ஒளி அதைத் துளைக்கத் திணறும், வெளிர் பகுதிகளில் நிறம் தடம்புரளும். வெளிர்வண்ணப் படங்களுக்காகவே இப்படி எடுக்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. அந்த வெளிர்வண்ணத்தின் பெரும்பங்கு ஸ்கேன் செய்பவர் கைவண்ணம் என்பது என் எண்ணம்.

மீட்டரே இல்லையா? வெயில் நேரத்தில் ஷட்டரை பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 200 பிலிமுக்கு 250-இல் ஒரு பங்கு. பளீர் வெயிலுக்கு எஃப் 16, மெல்லிய மேகத்துக்கு 11, மேகமூட்டத்துக்கு 8, அடர்ந்த மேகத்துக்கு 5.6, திறந்தவெளி நிழலுக்கு 4. நெகட்டிவ் பிலிமென்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டாப் திறந்து வைத்தாலும் கெடுதல் இல்லை. சந்தேகம் வந்தால் எப்போதும் திறக்கும் பக்கம் சாயுங்கள்.

ஆட்டோமேட்டிக் கேமராவில் நீங்கள் செய்யக்கூடியது குறைவு. 1983-இல் வந்த டிஎக்ஸ் குறியீட்டை, அதாவது டப்பாவின் மேலுள்ள கருப்பு வெள்ளிக் கட்டங்களை, படித்து கேமராவே வேகத்தை வைத்துக்கொள்ளும். எளிய மாடல்கள் சிலவற்றுக்கு 100, 400 என்ற இரண்டு மட்டுமே தெரியும். 200 பிலிமை 100 என்று எடுத்துக்கொள்ளும். அதனால் நமக்கு லாபமே. வெயிலுக்கு எதிராக ஒருவரை எடுக்கும்போது ஃபிளாஷைக் கட்டாயமாக எரியவிடும் பொத்தான் இருந்தால் தயங்காமல் அழுத்துங்கள்.

படி 5: வெளிச்சத்தின் நிறம்

கலர் நெகட்டிவ் பிலிம்களில் பெரும்பாலானவை ஏறக்குறைய 5500 கெல்வின் (ஒளியின் நிறத்தை அளக்கும் அலகு; எண் குறைந்தால் மஞ்சள் கூடும்) பகல் ஒளிக்குச் சமன்செய்யப்பட்டவை. 3200 கெல்வின் அளவிலுள்ள மஞ்சள் விளக்கில் நீல ஒளி மிகக் குறைவு. எனவே மேலே உள்ள நீலப் படலம் பட்டினி கிடக்கிறது. ஸ்கேனில் மஞ்சளைக் குறைத்தால் நீலம் திரும்பிவரும், ஆனால் மணல்மணலாக வரும். 80ஏ என்ற நீல வடிகட்டி இதைச் சரிசெய்யும்; விலையாக இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். இருட்டு அறையில் அது கட்டுப்படியாகாது. நடைமுறை வழி, கூடுதலாக ஒரு ஸ்டாப் கொடுத்து நீலப் படலத்துக்கும் கொஞ்சம் ஊட்டிவிட்டு, மிச்சத்தை ஸ்கேனில் திருத்துவது.

குழல்விளக்கில் பச்சை ஏறும். அதுவும் ஸ்கேனில் திருத்தக்கூடியதே. திருத்தவே முடியாதது கலப்பு ஒளி: ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் மஞ்சள் விளக்கு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். விளக்கை அணைத்துவிடுவது எல்லாவற்றிலும் மலிவான திருத்தம்.

படி 6: எடுத்த ரோலைக் காத்தல்

பதிவாகி இன்னும் கழுவப்படாத படம் நாளாக நாளாக மெல்லத் தேயும். வெப்பத்தில் வேகமாகத் தேயும். எடுத்து முடித்த ரோலை மாதக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் பிலிம் இருப்பதே தவறு. எடுக்காத ரோல்களை நெடுநாள் வைத்திருக்க வேண்டுமென்றால் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒன்றரை மணி நேரமாவது அறை வெப்பத்துக்கு வரவிட்ட பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பிலிமின்மேல் நீர் கோத்துவிடும்.

விமானப் பயணத்தில் பிலிமை ஒருபோதும் சரக்கில் ஏற்றும் பெட்டியில் போடாதீர்கள். அங்கே எக்ஸ்ரே மிகக் கடுமையானது. கைப்பைகளுக்கும் இப்போது பல விமான நிலையங்களில் சிடி வகை ஸ்கேனர்கள் வந்துவிட்டன. அவை ஒரே முறையில் பிலிமில் புகைமூட்டம் ஏற்றிவிடக் கூடியவை. உள்ளிருப்பது வெளியே தெரியும் பையில் ரோல்களை வைத்துக்கொண்டு, கையால் சோதிக்கும்படி கேளுங்கள்.

காலாவதியான பிலிமுக்குப் பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் என்பது வாய்மொழியாக வரும் விதி. குளிரில் இருந்த ரோலுக்கும் பரணில் வெந்த ரோலுக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? மீண்டும் எடுக்க முடியாத நிகழ்ச்சிக்கு அதைப் போடவே போடாதீர்கள்.

படி 7: லேப்

1972-இல் கோடக் அறிமுகப்படுத்திய சி-41 முறையில்தான் இன்று கிட்டத்தட்ட எல்லாக் கலர் நெகட்டிவும் கழுவப்படுகிறது. படத்தை வெளிப்படுத்தும் ரசாயனமான டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில், 3 நிமிடம் 15 விநாடி. 100 ஆனாலும் 800 ஆனாலும் இதே நேரம்தான். ஆகவே கழுவுவதில் கலைக்கு இடமில்லை, ஒழுங்குக்கே இடம். நிறைய ரோல்கள் ஓடும் லேபில் ரசாயனம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். எப்போதாவது ஒரு ரோல் வரும் இடத்தில் அது நின்று கெடும். லேபில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வாரத்தில் எத்தனை நாள் கழுவுகிறீர்கள் என்பதே.

ஸ்கேனில்தான் கலை வருகிறது. நோரிட்சு, ஃபூஜி ஃபிரான்டியர் போன்ற லேப் ஸ்கேனர்களில் இயக்குபவர் ஒவ்வொரு படத்துக்கும் அடர்த்தி, சயான், மெஜந்தா, மஞ்சள் என நான்கையும் கூட்டிக் குறைக்கலாம். அவசரத்தில் பெரும்பாலும் இயந்திரத்தின் முடிவுக்கே விட்டுவிடுவார்கள். இயந்திரமோ சட்டத்தின் சராசரியைச் சாம்பலாக்கப் பார்க்கும். புல்வெளி நிறைந்த படத்தில் பச்சையைக் குறைக்கப்போய் முகத்தில் மெஜந்தா ஏறும். செங்கல் சுவர் நிறைந்த படத்தில் சிவப்பை அடக்கப்போய் முகம் நீலம் பாயும். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒரே சட்டை இரண்டு நிறத்தில் வந்தால் பிலிமைத் திட்டாதீர்கள். அது இந்தத் தானியங்கித் திருத்தத்தின் வேலை.

கொடுக்கும்போது நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள். வழக்கம்போல் கழுவ வேண்டும். முரணைக் குறைவாக வைத்து ஸ்கேன் செய்ய வேண்டும். கூர்மையைக் கூட்ட வேண்டாம். நெகட்டிவைத் திருப்பித் தர வேண்டும். கடைசியை எழுதியே கொடுங்கள். ஸ்கேனை அனுப்பிவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போடும் லேப்களும் இருக்கின்றன. பிடித்த நிறத்தில் ஒரு பிரிண்ட் உங்களிடம் இருந்தால் அதையும் காட்டுங்கள். "இதமாக வேண்டும்", "இயல்பாக வேண்டும்" போன்ற சொற்களைவிட அது தெளிவாகப் பேசும்.

வீட்டிலேயே ஸ்கேன் செய்யலாம். டிஜிட்டல் கேமரா, மேக்ரோ லென்ஸ், நிறம் சரியாகக் காட்டும் ஒளித்தட்டு இருந்தால் போதும். பிலிம் ஸ்கேனர் வாங்குவதாக இருந்தால் அகச்சிவப்புத் தூசிநீக்கம் உள்ளதா என்று பாருங்கள். கலர் நெகட்டிவின் சாயங்கள் அகச்சிவப்புக் கதிரை விட்டுவிடும், தூசி மறிக்கும். அதை வைத்து ஸ்கேனர் தூசியை மட்டும் அடையாளம் கண்டு நீக்கிவிடும்.

படி 8: நெகட்டிவைப் படித்தல்

ஸ்கேன் எவ்வளவு அழகாக இருந்தாலும் நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் பிலிமின் பெயரும் சட்ட எண்களும் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. லேபில் கழுவும்போதுதான் வெளிப்படுகின்றன. அதனால் உங்கள் தவறையும் லேபின் தவறையும் பிரித்துக் காட்டுவது இந்த எழுத்துகள்தான்.

எழுத்து திடமாக இருந்து படம் மெலிந்திருந்தால் நீங்கள் வெளிச்சம் குறைத்துவிட்டீர்கள். எழுத்தும் படமும் சேர்ந்து மங்கலாக இருந்தால் கழுவியதில் கோளாறு. எழுத்து மட்டும் இருந்து படமே இல்லையென்றால் பிலிம் நகரவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. முழு நீளமும் கருத்திருந்தால் எங்கோ வெளிச்சம் புகுந்திருக்கிறது. நல்ல நெகட்டிவில் காட்சியின் கரிய பகுதிகளிலும், அதாவது நெகட்டிவின் தெளிந்த பகுதிகளிலும், ஏதாவது விவரம் கண்ணுக்குத் தெரியும். முடிக்குள் இழைகள், கருப்புச் சட்டையின் மடிப்பு. அங்கே வெறும் ஆரஞ்சு மட்டும் இருந்தால் அடுத்த ரோலுக்கு மீட்டரில் எண்ணை இன்னும் பாதியாகக் குறைத்து வையுங்கள்.

படி 9: பத்திரப்படுத்துதல்

நெகட்டிவை ஆறு ஆறு சட்டங்களாக வெட்டி, பிவிசி அல்லாத பாலிப்ரோப்பிலீன் உறைகளில் போட்டு, இருளும் உலர்வும் உள்ள இடத்தில் வையுங்கள். எஞ்சியிருப்பது சாயம் மட்டும் என்பதால் வெப்பமும் ஈரமும் அதன் பகைகள். பூஞ்சை பிடித்த நெகட்டிவைத் துடைக்க முயல வேண்டாம். ஈரப்பட்ட பூச்சு பூஞ்சையோடு சேர்ந்தே வந்துவிடும். உறையின் மேல் மாதம், ஆண்டு, பிலிம், மீட்டரில் வைத்த எண், கழுவிய லேப் ஆகியவற்றை எழுதுங்கள். ஸ்கேன் கோப்புக்கும் அதே எண்ணைப் பெயராகக் கொடுத்துவிட்டால், பிறகு நல்ல ஸ்கேனர் கிடைக்கும்போது எந்தச் சட்டத்தை மீண்டும் எடுக்க வேண்டும் என்று பெட்டி முழுவதையும் கிளறத் தேவையிருக்காது.